சீலிங்குக்கு மேல் ஒரு மூச்சு

கிளென்மார்கன் பக்கத்து டீ ஃபேக்டரியில் இலை உலர்த்தச் சூடான காற்று போகிறதே, அந்தப் பெரிய குழாய் என் கையால் மடித்தது. குந்தாவில் மின்சாரக்காரர்களின் குவார்ட்டர்ஸுக்குப் புகைபோக்கி போட்டவன் நான். ஊட்டி மார்க்கெட்டில் பேக்கரி அடுப்புகளுக்கு மேலே தொங்குகிற தகரக் கூடுகளில் பாதி என்னுடையவை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு என்னைக் கைவிட்டது. ஆணியும் நூலும் வைத்து வட்டம் போட நானாகவே கற்றேன். மண் சரிந்து பட்டறை போனபோதும் நானேதான் தூக்கி நிறுத்தினேன். இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், குன்னூர் பங்களாவில் பெரிய குழாயையும் சின்ன ஓட்டையையும் சேர்க்க நான் செய்த ஒரு சாண் நீளத் தகரக் கோனைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

அந்தப் பங்களாவில் ஓர் அம்மா தனியாக இருந்தார். அவர் கணவர் நெஞ்சில் சளி கட்டி, மூச்சுக்குத் திணறி, மேற்கு அறையில் இறந்துபோனவர். சுவரில் பூத்த பூஞ்சைதான் காரணம் என்று மகன் நினைத்தார். கோயம்புத்தூரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, மேற்கு அறைச் சீலிங்குக்கு மேலே குழாய் ஓட்டி, குளியலறை ஈரக்காற்றை வெளியே தள்ள விசிறி வைத்தார். மூடுபனி இறங்கும் மாதம் வந்தது. மேற்கு அறைச் சீலிங்கில் மூச்சு கேட்டது. சளி கட்டின மூச்சு. இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும்.

வேலைக்கு வந்த பெண் நின்றுவிட்டாள். வீட்டைப் பூட்டி அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போக மகன் நாள் பார்த்தார். அம்மாவுக்கு இறங்க மனமில்லை.

"சத்தம் நின்னுதுன்னா இங்கயே இருந்துக்கம்மா" என்றார் மகன் கடைசியில். அம்மா எனக்கு ஆள் அனுப்பினார்.

"ஏனுங்க மேஸ்திரி, பேய்க்குப் பயப்படுவீங்களா?" என்று கேட்டார் அம்மா.

"தகரத்துக்குள்ள கையை உட்டுப் பொழைக்கறவனுங்க நான். பேய் என்னத்தப் பண்ணிப்போடும்?"

"பாத்துங்க, உள்ளார இருந்து கையைப் புடிச்சு இழுத்துப்போடப் போவுது" என்று மகன் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. மேலே மூச்சு இழுத்தது.

பகல்தான். ஆனாலும் சன்னலில் பனி அப்பி அறை சாம்பலாக இருந்தது. ஏணி ஏறிச் சீலிங் பலகைக்குள் தலையை நீட்டினேன். காதோரத்தில் மூச்சு. "அண்ணா, வேலைக்கு வந்திருக்கேனுங்க" என்று இறந்தவரிடம் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

விசிறியை நிறுத்தச் சொன்னேன். மூச்சு நின்றது. போடச் சொன்னேன். இழுத்தது.

குளியலறையிலிருந்து வரும் குழாய் ஆறு அங்குலம். கருங்கல் சுவரில் பழைய அடுப்புப் புகை போன ஓட்டை நாலு அங்குலம். இரண்டையும் சேர்க்க, சுற்றிலும் சமமாகச் சரியும் புனல் மாதிரிக் கோன் போட்டிருந்தார்கள். பார்க்க லட்சணம். வெயில் காயும் ஊருக்குப் போதும். இங்கே வெந்நீர் ஆவி குளிர்ந்த தகரத்தைத் தொட்டதுமே தண்ணீராகிவிடும். அது வெளியே ஓடப் பார்த்தால் கோனின் அடிப்பக்கம் மேடாக ஏறித் தடுக்கிறது. தேங்கின தண்ணீரை உரசிக்கொண்டு காற்று போனது. அதுதான் அந்தச் சளி மூச்சு.

நான் அடி நேராகவும் மேல்பக்கம் மட்டும் சரிவாகவும் ஒரு கோன் வெட்டி வளைத்தேன். பெரிய குழாயை ஓர் அங்குலம் தூக்கிக் கட்டினேன். இரண்டு குழாய்க்கும் அடி ஒரே மட்டமானது.

"கோணலா இருக்குதுங்களே மேஸ்திரி" என்றார் மகன்.

"அந்தக் கோணல்தானுங்க வைத்தியம்."

விசிறி ஓடியது. சத்தமே இல்லை. வெளிச்சுவரில் தண்ணீர் சொட்டியது. அம்மா சீலிங்கை நிமிர்ந்து பார்த்தார்.

"போயிட்டாருங்களா, மேஸ்திரி?"

"தண்ணிதானுங்கம்மா அது."

அம்மா தலையாட்டினார். காலியான கட்டிலின் தலைமாட்டைக் கையால் தடவிவிட்டு வெளியே போனார்.

மகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அம்மா இன்றும் அங்கேதான் இருக்கிறார். ஆனால் நான் கோன் மாட்டிய அதே நாளில் கூடலூர்ப் பக்கத்து மந்திரவாதி ஒருவரும் வந்து வாசலில் கயிறு கட்டிப் போனார். மூச்சை நிறுத்தியது அவர்தான் என்று பஜார் முழுக்கப் பேச்சு. மகனும் அதையே சொல்கிறார். இப்போது விசிறியைப் பார்க்க வந்த ஆள், கோன் கோணலாக இருக்கிறது, அடுத்த முறை சுற்றிலும் சமமாகச் சரியும் நேரானது மாட்டலாம் என்றானாம். சரி என்றாராம் மகன்.

மாட்டினால் மூச்சு திரும்பி வரும். அம்மாவைக் கோயம்புத்தூருக்கு இறக்கிவிடுவார்கள்.

கழற்றிய பழைய கோனை என் பட்டறையில்தான் போட்டிருக்கிறேன். மூடுபனி இறங்கும் காலைகளில் என் வீட்டிலும் அந்த மூச்சு கேட்கிறது. என் வீட்டில் குழாயே கிடையாது.

அது கிடக்கட்டும். மந்திரவாதியின் கயிறும் தொங்கட்டும். ஆனால் பங்களாவில் நான் மாட்டிய கோன்மேல் என் பெயரைப் பெயிண்டால் பெரிதாக எழுதியாக வேண்டும். இந்தக் கோணல் வேண்டுமென்றே செய்தது, மூச்சை நிறுத்தியது இதுதான், செய்தவனைக் கேட்காமல் கழற்றாதே என்றும் சேர்த்து எழுத வேண்டும்.