மானிட்டரில் என்னை எடுத்துவிடு

தி.நகரில் ஒரு ரிசப்ஷன். இரண்டாவது பாட்டிலேயே வசந்தியின் குரல் பிசிறியது. கீபோர்டு பாபு அவளை முறைத்தான். ட்ரூப் அவனுடையது. இன்னொரு தடவை பிசிறினால் வேறு பாட்டுக்காரியைக் கூப்பிடுவேன் என்று போன கல்யாணத்திலேயே சொல்லியிருந்தான்.

நான் டோலக். படிப்பு கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான். காது மட்டும் சுத்தம்.

மேடையில் எங்கள் காலடியில், எங்களைப் பார்த்தபடி வைக்கிற ஸ்பீக்கருக்கு மானிட்டர் என்று பேர். வாசிக்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்க அது. எங்கள் மேதாவிகளுக்கோ அது முகம் பார்க்கிற கண்ணாடி. அன்று பாபு புது மானிட்டர் வாங்கி வந்திருந்தான். மிக்சரில் உட்கார்ந்து சவுண்டைக் கூட்டிக் குறைக்கிற ரஃபி பாயிடம், "பாய், என் கீபோர்டை ஏத்து" என்றான். உடனே கிட்டார் சேகர், "எனக்கு என்னுதே கேக்கல, ஏத்து பாய்." ரிதம் பேட்காரன் சும்மா இருப்பானா? அவனும் ஏற்றினான். பாபு மறுபடி ஏற்றினான். மூன்று ஆம்பிளைகளும் தங்களைத் தாங்களே ரசித்துக்கொண்டிருக்க, நடுவில் நின்றவளுக்குத் தன் குரல் கேட்கவில்லை. கேட்காவிட்டால் கத்துவாள். கத்தினால் தொண்டை போகும். இது புரிய காலேஜ் போக வேண்டாம்.

பாட்டு முடிந்ததும் வசந்தி என் பக்கம் குனிந்தாள். "சுருதியே பிடிபடலக்கா. இன்னியோட எனக்கு முடிஞ்சுது."

"உன் தொண்டைக்கு ஒண்ணுமில்ல. இவனுங்க கத்திக்கினு கீறானுங்க, நீ இன்னா பண்ணுவே?"

ரஃபி பாயைப் பார்த்துக் கை தூக்கினேன். "பாய், மானிட்டர்ல என் டோலக்கை எடுத்துடு."

"இன்னாக்கா, ஊரே ஏத்த சொல்லுது, நீ எடுக்க சொல்றே?"

"மடியில கீறத கேக்க ஸ்பீக்கர் எதுக்கு? அந்த எடத்துல வசந்திய வை. இவனுங்களையும் எறக்கு."

பாபு துள்ளினான். "யக்கா, எனக்கு என்னுது கேக்காது!"

"அவளுக்குத்தானே வாசிக்கிறே? அவள கேளு, போதும்."

பாய்க்கும் காரணம் இருந்தது. மானிட்டர் ஏற்கெனவே 'கூ'வென்று விசிலடிக்க ஆரம்பித்திருந்தது. வசந்தியை ஏற்றி, மூன்று பேரையும் இறக்கினார்.

அடுத்த பாட்டில் வசந்தியின் கழுத்து நரம்பு அடங்கியது. சரணத்தில் மெதுவாக ஒரு சங்கதி போட்டாள். பாபுவின் விரல் அதன் பின்னாலேயே போனது. இத்தனை வருஷத்தில் அவன் அவளை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டிருப்பான். அதற்கப்புறம் ஏழு பாட்டு. ஒன்றிலும் பிசிறவில்லை.

ஒயர் சுற்றும்போது பாபு பெருமையாகச் சொன்னான்: "பாத்தியாக்கா, புது மானிட்டர் வேலைய காட்டிடுச்சு." பிறகு வசந்தியிடம், "வடபழனி கல்யாணத்துக்கு வந்துடு. லேட் பண்ணாதே."

அவள் தலையாட்டினாள். நான் டோலக்கை உறையில் போட்டேன். அவனுக்குப் புரியவைக்க எனக்கென்ன வேண்டுதலா?

புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கச்சேரிக்கு முன் சவுண்ட் செக்கில், பாடுகிறவரின் குரலை மானிட்டரில் முதலில் கேட்டு வாங்குங்கள். உங்களுடையது கடைசியில், கொஞ்சமாக. உங்களையே கேட்டுக்கொண்டிருக்க ஆசையென்றால் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள். அங்கே பாட்டுக்காரியும் தேவையில்லை, மாப்பிள்ளை பெண்ணும் தேவையில்லை.