எண்ணெய் பட்ட பத்து தோட்டா

எங்கள் வேலி முருங்கையில் சாயங்காலம் வெள்ளைத் துண்டு கட்டியிருந்தால், மறுநாள் விடியலில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் கோவிந்தசாமிக்கு இருதயக் கோளாறு, திடீர்ச் சத்தம் ஆகாது. என் அண்ணன் அதைப் பற்றி யாரிடமும் பேசினதில்லை. துண்டைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். நான் முன்னாலேயே எழுந்து, இவர் காதில் பஞ்சு வைத்து, திருநீறு பூசி உட்காரவைப்பேன்.

அண்ணன் உத்திராபதி பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டுக் குமராட்சிக்கே வந்து கரும்பு போட்டார். கொள்ளிடக் கரைப் புதரிலிருந்து காட்டுப்பன்றி இறங்கினால் அரை ஏக்கர் போய்விடும். ஊரில் லைசென்ஸ் ரைஃபிள் அவரிடம்தான். வனத்துறை ஆள் அனுமதிச் சீட்டோடு கூட வந்தால்தான் எடுப்பார்.

தோட்டா விஷயத்தில் ரொம்பக் கறார். கம்பெனியில் செய்தது மட்டும்தான். சுட்ட காலிக் குப்பிகளைக் கடலூர்க் கடையில் காட்டித்தான் புதுசு வாங்குவார்.

"முனையில ஈயம் தெரியணும் பவானி. முழுக்க செம்பு போத்துனது பன்னி உடம்புல பூந்து அந்தாண்ட போயிடும். அது நாலு நாள் எங்கயாவது கெடந்து துடிக்கும். அந்தப் பாவம் நமக்கெதுக்கு?" என்பார்.

அண்ணி அமிர்தம் காலமானதிலிருந்து அவர் வீட்டுப் பூஜையும் நான்தான் செய்வேன். அந்த வருஷம் ஆயுத பூஜையன்று ரைஃபிள் பழுது பார்க்கக் கடலூர் போயிருந்தது. அதற்குண்டான மரியாதையைத் தோட்டாவுக்காவது செய்வோம் என்று, பெட்டியில் இருந்த பத்தையும் எடுத்தேன். நல்லெண்ணெய் தாராளமாகத் தடவி, பின்பக்கம் துப்பாக்கி ஊசி வந்து குத்தும் சின்ன வட்டத்தில் சந்தனம், குங்குமம் வைத்தேன். மறுநாள் துடைத்துப் பெட்டியில் போட்டேன். குத்துவிளக்கு மாதிரி மின்னின. அண்ணனிடம் சொல்லத் தோன்றவில்லை.

மார்கழியில் பன்றி இறங்கியது. முருங்கையில் துண்டு ஏறியது. மறுநாள் பனியில் அண்ணனும் வனத்துறை இளவரசுவும் வரப்பில் நின்றார்களாம். நடந்ததை இளவரசுதான் சொன்னான். பெரிய கொம்பன் பன்றி. அண்ணன் விசையை இழுத்தார். டிக்கென்ற சத்தம் மட்டும்தான். வெடிக்கவில்லை.

"ஐயா, தொறந்து வேற போடுங்க! திரும்புது!" என்று இவன் கத்தியிருக்கிறான்.

அண்ணன் திறக்கவில்லை. வெடிக்காத தோட்டா தாமதமாகவும் வெடிக்கும் என்பது அவர் பட்டாளத்தில் படித்த பாடம். குழலை மண் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினார். மூணு சொல்வதற்குள் சேற்றில் வெடித்தது. திறந்திருந்தால் முகம் போயிருக்கும். அதற்குள் பன்றி வந்து தொடையைக் கிழித்துவிட்டு ஓடியது. இளவரசு போட்ட கூச்சலில் நான் ஓடினேன். முருங்கைத் துண்டை அவிழ்த்துத்தான் காலைக் கட்டினேன்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் பத்து நாள். ஸ்டேஷனிலிருந்து வந்து எழுதிக்கொண்டு போனார்கள். கம்பெனித் தோட்டா எப்படிக் கெட்டது என்ற கேள்விக்கு அண்ணன், "தெரியலைங்க" என்றார். ஊர் வாய் சும்மா இருக்குமா?

"வூட்லயே மருந்து அடைச்சிருப்பாரு. பேருக்குத்தான் கம்பெனி" என்று டீக்கடையில் லூர்துசாமி சொல்ல, நாலு பேர் சிரித்தார்களாம். கள்ளத் தோட்டா என்று எழுதிவிட்டால் லைசென்ஸும் போகும், அறுபது வருஷ நல்ல பேரும் போகும்.

இளவரசு ஒருநாள் சொன்னான்: "எண்ணெ எறங்கியிருந்தாலும் இப்பிடி லேட்டா வெடிக்குமாம் அக்கா. கடைக்காரரு சொல்றாரு."

கையிலிருந்த ஹார்லிக்ஸ் தம்ளரைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விளக்கேற்றப் போனால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று தினமும் அண்ணன் வீட்டுப் படி ஏறுவேன். கஞ்சியை வைத்துவிட்டு இறங்கிவிடுவேன்.

வீடு வந்த எட்டாம் நாள் புண் கறுத்தது. சர்க்கரை ஜாஸ்தி. புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றியதும், "அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். அழுகை முந்திக்கொண்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். புதுச்சேரியிலிருந்து அவர் உயிரோடு திரும்பவில்லை. ஆம்புலன்ஸில் கடைசியாக என்னிடம் பேசினது இதுதான்:

"பொட்டியத் தொறந்து பாத்துட்டேன். சந்தன வாசனை இன்னும் போகல. மிச்சம் ஒம்போது இருக்கு, யாரையும் தொட வுடாத. ஸ்டேஷன்ல அப்பிடியே குடுத்துடு. எண்ணெ போட்டது யாருன்னு கேட்டா உத்திராபதின்னு சொல்லு. துப்பாக்கில போடறதுக்கு முன்ன பாக்க வேண்டியவன் நான்தானே? மச்சானுக்கு முன்னால அழுவாத. அவருக்கு ஆகாது."