புளோரா ரீச்சர் வாசித்த ஓரெழுத்து

அன்று காலை எங்கள் பாடசாலையின் வாட்ஸ்அப் குழுவில் புளோரா ரீச்சரின் படம் வந்தது. கீழே 'ஆர்.ஐ.பி.' என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து. அதன் கீழே இன்னொன்று, பிறகு இன்னொன்று. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்த மனுசிக்கு மூன்றெழுத்துத்தானா?

குழுவில் இருக்கும் உங்களில் பலருக்கு அவர் கணக்கு ரீச்சர். எனக்கு ஆசிரியர் அறையில் பக்கத்துக் கதிரைக்காரி. கணவரை இழந்தவர். ஒரே மகன் நிஷான் பிரான்சில். போனவன் விசா சரிவராததால் ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. இடைவேளையில் அவன் அனுப்பும் செய்தியை எங்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

ஒருநாள் எட்டிப் பார்த்தேன். திரையில் 'ஓகே'யைச் சுருக்கிய 'கே' என்ற ஓர் ஆங்கில எழுத்து மட்டும் இருந்தது. அவரோ, "ஓம் அம்மா, நீங்கள் சொன்னது விளங்குது, குளிருக்குக் கவனமாய் இருக்கிறன்" என்று வாசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ரீச்சர், ஓரெழுத்துக்குள்ள இவ்வளவும் கிடக்கே?"

"ஓமடி. பெடியன் வேலைக்கு ஓடுறான். எழுதத்தான் நேரமில்லை. நினைக்க நேரமிருக்கும்தானே?"

'ரி.சி.' வந்தால், "உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ அம்மா." 'எச்.ஆர்.யூ.' வந்தால், "எப்பிடி இருக்கிறீங்கள், சாப்பிட்டீங்களே?" சாப்பாடு அதில் எங்கே இருக்கிறது என்று நாங்கள் சிரிப்போம். இந்தச் சுருக்கங்களின் அர்த்தமெல்லாம் ஓ.எல். வகுப்புப் பிள்ளைகளிடம் வெட்கப்படாமல் கேட்டுப் படித்தவர்.

ஒரு மழை நாளில் மட்டும் வாசிக்காமல் போனை மடியில் வைத்திருந்தார். "அவன்ர கையால ஒரு முழு வசனம் வந்தால் காணுமடி. நான் ஒண்டும் சேர்க்காமல் வாசிப்பன்" என்றார்.

அது வரவில்லை. நெஞ்சு நோவென்று வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

முல்லைத்தீவில் அவருடைய வீட்டில் சவப்பெட்டியை மூடும் நேரம். வீடியோ அழைப்பில் நிஷான் பேச்சு வராமல் விக்கினான். பிறகு என் போனுக்கு ஒரு செய்தி: 'எஸ்.ஆர்.வை. மா. ஐ.எல்.வை.' அம்மாவுக்கு வாசித்துவிடும்படி சைகை காட்டினான்.

நான் குனிந்து வாசித்தேன். "அம்மா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கடைசி நேரத்தில வர ஏலாமல் போச்சு. உங்களில எனக்குச் சரியான விருப்பம். நான் நேரத்துக்குச் சாப்பிடுறன், நீங்கள் யோசிக்காதேங்கோ."

"நான் அப்பிடியெல்லாம் எழுதேல்லையே ரீச்சர்" என்று அவன் அழுதான்.

"அம்மா எல்லாத்தையும் அப்பிடித்தான் தம்பி வாசிச்சவா."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த வாசிப்புத்தான். ஆனால் போன கிழமை அதற்கும் வேலை இருக்கவில்லை. இடைவேளையில் நிஷானின் செய்தி வந்தது: 'ரீச்சர், இங்கே இன்று குளிர் குறைவு. நான் சமைத்துச் சாப்பிட்டேன். அம்மாவை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.'

பக்கத்துக் கதிரையைப் பார்த்து, ஒன்றும் சேர்க்காமல் வாசித்தேன்.