மாயாபந்தரில் ஒரு நற்கருணை ஞாயிறு

இந்த ஜனவரியில் அந்தமான் போனதற்கு நான் எல்லோரிடமும் சொன்ன காரணம் எல்.டி.சி. என்கிற விடுப்புப் பயணச் சலுகை. அது காலாவதியாகப் போகிறது, வீணாக்க வேண்டாமே என்று அலுவலகத்தில் சொன்னேன், சபையிலும் சொன்னேன். என் மனைவி மட்டும் சிரித்தாள். மாயாபந்தரில் என் அண்ணன் சாமுவேல் இருக்கிறார். படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்டவர். ஒன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்த அன்று காலையில் அண்ணன் போன் செய்து, "நாளைக்குச் சாயந்தரம் வந்துருவேன், ஐஸ் பெட்டியில வச்சுக்க" என்றார். ஆட்கள் கூடிவிட்டார்கள், மழை வரும்போல இருந்தது, ஆயரும் நேரம் குறித்துவிட்டார். நான் அன்றே நாலு மணிக்கு அடக்கம் செய்துவிட்டேன். மறுநாள் வந்தவர் ஈரமண்ணைப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாடே?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடலைத் தாண்டிப் போய் உக்காந்தவனுக்கு இங்க என்ன உரிமை?" என்றேன். அதன்பிறகு இரண்டு கிறிஸ்துமஸுக்கு போன் அடித்தார். எடுக்கவில்லை. பிறகு அவரும் விட்டுவிட்டார்.

சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர் இரண்டேகால் மணி நேரம். இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், ஆனால் கேட்டவரை எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். நேராக அண்ணனிடம் போயிருக்கலாம். நானோ இரண்டு நாளை வண்டூரில் கழித்தேன். கடற்கரை அழகுதான், முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, தண்ணீரில் இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையில் நான் அங்கே கடல் பார்க்கவில்லை, அண்ணனிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்ட் பிளேரிலிருந்து மாயாபந்தர் சுமார் 240 கிலோமீட்டர். தனியார் பேருந்தில் எனக்கு 400 ரூபாய் ஆனது. டிரைவர் தமிழர்தான், முதல் நாளே எச்சரித்தார். "மெயின்லேண்டா அண்ணே? காலைல நாலு மணிக்கு ஸ்டாண்டுல இருந்துருங்க. ஜிர்காட்டாங் கேட் பந்த் ஆயிடுச்சுன்னா அடுத்த கான்வாய் வரைக்கும் ரோட்டுலயே பைட்டே ரஹோ, உக்காந்தே கெடக்கணும்." ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. அதன்பிறகு பேருந்தோடு படகில் ஏறி பாராடாங் தீவு. மாயாபந்தரில் இறங்கும்போது பிற்பகல் இரண்டரை.

நான் வருவதை என் மனைவி போனில் சொல்லியிருந்ததால் அண்ணன் நிறுத்தத்தில் நின்றிருந்தார். முழங்கால் இரண்டும் வீங்கி, நடை சாய்ந்திருந்தது. "வாடே. மெலிஞ்சு போயிட்ட" என்றார். அவ்வளவுதான். கிரேஸ் மதினி மீன்குழம்பு வைத்திருந்தாள். பேரப்பிள்ளைகள், மழை, கப்பல் டிக்கெட் எல்லாம் பேசினோம், அம்மாவைத் தவிர. மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடியட்டும், சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பேசலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவுதான் இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தப்பு.

சபை சிறியது, தகரக் கூரை. எட்டரை மணிக்குத் தமிழ் ஆராதனை, பத்தரைக்கு ஹிந்தி. நற்கருணை மாதம் ஒருமுறைதான், ஆயர் வெளியூரிலிருந்து வருகிறார். கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இயேசு நம் பாவங்களுக்காகத் தன் உடலையும் இரத்தத்தையும் கொடுத்தார், அந்த மன்னிப்பை யாரும் சம்பாதிக்க முடியாது, சும்மா கிடைக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை. அதை நினைத்துத்தான் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்குகிறோம். கூடவே அவர் சொன்ன இன்னொன்றும் உண்டு. காணிக்கையோடு வந்து நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்றார். இதை நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடமாகவே எடுத்திருக்கிறேன்.

வரிசை எழுந்தது. பழக்கத்தில் நானும் எழுந்து போனேன், முட்டிபோட்டேன், வாங்கினேன். திரும்பி நடக்கும்போதுதான் பார்த்தேன். எங்கள் பெஞ்சில் அண்ணன் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மதினியிடம் கேட்டேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அவுக நற்கருணை எடுக்கதே இல்ல. ஒம்போது வருஷமாச்சு. அத்தை அடக்கத்துக்குப் போயிட்டு வந்ததுலேருந்து."

அந்த ஒன்பது வருடத்தில் நான் நூறு தடவைக்கு மேல் வாங்கியிருப்பேன், அதுவும் முதல் வரிசையில்.

அண்ணன் வராந்தாவில் இருந்தார். ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. "அன்னைக்கு நான் காத்திருந்திருக்கணும்ணே. என்னை மன்னிச்சிரு."

"அதை நான் திரும்பி வர்ற கப்பல்லயே மன்னிச்சிட்டேன்டே. ஆனா நாலு பேரு முன்னால உன்னை அப்படிக் கேட்டது என் தப்பு. உனக்கு என்மேல வருத்தம் இருக்கும்போது நான் எப்படிப் போய்க் கைநீட்ட? போன் அடிச்சேம்லா, நீதான் எடுக்கல."

நான் அழுதேன். அவர் என் தோளைத் தட்டி, "பஸ், பஸ், போதும்டே. சலோ, சாப்பிடுவோம்" என்றார்.

அடுத்த நற்கருணை நாலு வாரம் கழித்து. செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். டிக்கெட்டை மாற்றினால் எல்.டி.சி. தகராறாகும், விடுப்பும் இல்லை என்று கணக்குப் பார்த்தேன். அண்ணனும் "போயிட்டு வா, டீக் ஹை, பரவாயில்ல" என்றார். அம்மாவை அடக்கம் செய்ய அண்ணனுக்காக ஒரு நாள் காத்திருக்காத அதே அவசரம் இது என்று எனக்குப் பாராடாங் படகில்தான் உறைத்தது.

போகிறவர்களுக்கு: மாயாபந்தருக்குக் குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள். திரும்பும் டிக்கெட்டை மாற்ற வசதியுள்ளதாக எடுங்கள், ஐந்நூறோ ஆயிரமோ கூடினாலும் பரவாயில்லை. போனில் சிக்னல் அடிக்கடி போகும். அங்கே யாரிடமாவது மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்றால், வண்டூரை அப்புறம் பாருங்கள்.

பிப்ரவரி முதல் ஞாயிறு பதினொரு மணிக்கு மதினி கூப்பிட்டாள். "இன்னைக்குப் போனாக. முட்டிபோட்டுட்டாக, ஆனா எந்திரிக்க முடியல. ரெண்டு பேரு ரெண்டு கையையும் புடிச்சுத் தூக்கிவிட்டாக."

அந்த இரண்டு பேரில் ஒருவன் நானாக இருந்திருக்க வேண்டும்.