ஸ்டாண்டு வாசலில் நின்ற அம்பாசிடர்

பிரான்சிஸுக்கு வலிப்பு வந்து, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, அவன் மனைவி மெர்சி காரோட்டப் பழகினாள். பல்லடத்தில் தறி ஓட்டியவள். இரும்பும் கிரீஸும் அவளுக்குப் புதிதில்லை. தொண்ணூற்றைந்தில் லைசென்ஸ் எடுத்து, புருஷனின் பழைய அம்பாசிடரை வெள்ளகோவில் டாக்ஸி ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ஸ்டாண்டுத் தலைவர் குமாரசாமி குரலை உயர்த்தவில்லை. "பொம்பளைங்க வண்டி வரிசைல நிக்கறது செரிப்படாதுங்க அம்மணி. ரோட்டுக்கு அக்கட்டால நிறுத்திக்குங்க."

எதிர்ப்பக்கம் சாக்கடையோரம் நின்றாள். அங்கேயும் பெண்கள் தேடிவந்து ஏறினார்கள்.

அடுத்த வருஷம் இன்ஜினின் முன்பக்கத்தில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால், இன்ஜின் தண்டின் முனையில் ஃபேன் பெல்ட்டைச் சுழற்றும் கிராங்க் புல்லி ஆடிக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப் பாலுசாமி, குமாரசாமியின் மச்சினன், நட்டை ஒரு முறுக்கு முறுக்கி அனுப்பினான். சில நாளில் திரும்பவும் ஆடியது.

"நட்டை மட்டும் முறுக்குனா நிக்காதுங்க. உள்ள கீ தேஞ்சிருக்கும், கழட்டிப் பாருங்க" என்றாள் மெர்சி.

"உங்க ஊட்டுக்காரர வரச்சொல்லுங்க. அவருகிட்டப் பேசிக்கறேன்" என்றான் பாலுசாமி.

மெர்சிக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. வண்டியை எடுத்தாள். ஸ்டாண்டு வாசலில் திருப்பும்போது ஃபேன் பெல்ட் பட்டென்று அறுந்தது. ரேடியேட்டர் கொதித்தது. வண்டி வாசலுக்குக் குறுக்கே நின்றுபோனது. மறுநாள் காலை, வாடிக்கையாக அவள் வண்டியில் வரும் பூவாத்தாளின் நிறைமாத மகளைத் தாராபுரத்திலிருந்து பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். மெர்சி வண்டியென்றால்தான் வருவேன் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

குமாரசாமி வந்தார். "தள்ளி ஓரங்கட்டிப் போடலாமுங்க."

"வண்டி இங்கதான் நின்னுச்சு. இங்கயேதான் செரியாகும்" என்றாள் மெர்சி.

டிரைவர்கள் சிரித்தார்கள். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரேடியேட்டரைக் கழற்றினாள். பெரிய நட்டு எளிதாக வந்தது, அவ்வளவு லேசில் அது கழலக் கூடாது. புல்லியை இழுத்தெடுத்துப் பார்த்தாள். புல்லியையும் தண்டையும் பிணைக்கும் கீ என்ற சின்ன இரும்புத்துண்டு தேய்ந்து சரிந்திருந்தது. புல்லியில் அது உட்காரும் காடியும் அகன்றுபோயிருந்தது. தண்டைத் துடைத்து விரலால் தடவினாள். அதில் பழுதில்லை. மூச்சு வந்தது.

பழைய புல்லியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினாள். சேதி கேட்டு வந்த பிரான்சிஸ் காருக்குள் உட்கார்ந்துகொண்டான். இவள் போனதும் நாலு பேர் தள்ள வந்தார்களாம். "என்னையும் சேத்துத் தள்ளுங்க. வலிப்பு வந்தா நீங்கதான் பாத்துக்கோணும்" என்றானாம். யாரும் கைவைக்கவில்லை.

வெயில் சாய்வதற்குள் புதுப் புல்லியும் கீயும் பெல்ட்டுமாக மெர்சி திரும்பினாள். கீயைக் காடியில் பொருத்திப் புல்லியை ஏற்றினாள். டாப் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, "பிரேக்க அமுக்குங்க, விட்றாதீங்க!" என்று பிரான்சிஸிடம் சொல்லிவிட்டு, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தாள். நட்டு கிரீச்சிட்டு இறுகியது. கழன்றுவிடாதபடி லாக் வாஷரின் காதை உளியால் மடக்கினாள். பெல்ட்டையும் ரேடியேட்டரையும் மாட்டித் தண்ணீர் ஊற்றினாள்.

ஸ்டார்ட் செய்ததும் புல்லி கொஞ்சமும் ஆடாமல் சுழன்றது. கும்பலில் இருந்த பாலுசாமி எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் தாங்கும்" என்றான்.

"தாங்கலீன்னா நானே கழட்டிக்கறனுங்க. உங்ககிட்ட வரமாட்டேன்."

அப்படியே வண்டியை ஓட்டிப்போய் வரிசையின் கடைசியில் நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். குமாரசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நாளைக்குத் தாராபுரம் போயிட்டு வந்தும் இங்கதானுங்க நிறுத்துவேன்" என்றாள் மெர்சி.

சொன்னபடியே செய்தாள். பூவாத்தாளின் மகளை அலுங்காமல் வீடு சேர்த்துவிட்டு வந்து வரிசையில் நின்றாள். ஸ்டாண்டில் கூட்டம் போட்டார்கள். அவள் வண்டியை வரிசையிலிருந்து எடுக்கச் சொல்லித் தீர்மானமும் போட்டார்கள். மெர்சி கூட்டத்துக்கும் போகவில்லை, வண்டியையும் எடுக்கவில்லை.