இரண்டாம் லைனும் இரண்டு கட்சியும்

போன மாதம் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவன் பழைய ஆபீஸ் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று இதே பத்தியில் எழுதியவனும் நான்தான். என்ன செய்வது... எதிர்வீட்டுக்காரரின் வேலை போய்விடும் போலிருந்தது.

எதிர்வீட்டுக்காரர் குமரேசன். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில் இரண்டாம் லைனில் ஆபரேட்டர். அந்த லைனை மெஷினோடு பெயர்த்து வியட்நாமுக்குக் கொண்டுபோகப் போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. குமரேசனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. நாற்பது தாண்டியவரை இந்த வட்டாரத்தில் வேறு எந்தக் கம்பெனி கேட்டுக்குள் விடும்? படப்பையில் வீட்டுக் கடன் வேறு பாக்கி.

அதே லைனில் அவர் மனைவி செல்வியின் அண்ணன் தேவராஜும் வேலை செய்கிறார். மாப்பிள்ளை ஒரு கட்சியின் தொழிற்சங்கம். மச்சான் எதிர்க்கட்சியின் தொழிற்சங்கம். வீட்டு விசேஷங்களில் பந்தியில் எதிரெதிர் வரிசையில்தான் உட்காருவார்கள்.

இருவரையும் என் வீட்டுக்கு வரவழைத்து, டீ கொடுத்து, நடைமுறையை விளக்கினேன். அதிகாரி முன்னால் பேச்சுவார்த்தை தொடங்கியது என்று பதிவாகிவிட்டால் போதும். அது முடிகிற வரை மெஷினை நகர்த்தாதீர்கள் என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கிவிடலாம். ஆனால் இரண்டு சங்கத்துக்கும் தனியாகப் பெரும்பான்மை கிடையாது. அதனால் இரண்டும் சேர்ந்து, ஒரே தரப்பாக ஆஜராக வேண்டும். அவ்வளவுதான்.

இருவரும் தலையாட்டினார்கள். நடைமுறையை இவ்வளவு எளிதாக யாரும் புரிந்துகொண்டு நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பேச்சுவார்த்தை நாளில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இருந்த அதிகாரி ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். அறையின் மூலையில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். விதிப்படி தவறு. உட்கார்ந்துகொண்டேன்.

நீளமான மேஜை. ஜன்னல் பக்கம் நிர்வாகம், சுவர் பக்கம் தொழிலாளர் — எனக்குத் தெரிந்து அது மாறியதே இல்லை. குமரேசனின் சங்கம் முதலில் வந்து சுவர் பக்கம் உட்கார்ந்தது. கழுத்தில் கட்சித் துண்டு. பின்னாலேயே தேவராஜின் சங்கம் வந்தது. அவர்கள் கழுத்திலும் துண்டு, நிறம்தான் வேறு.

தேவராஜ் உட்காரவில்லை.

"மாப்ள, உங்க ஆளுங்கள எந்திரிக்கச் சொல்லு. நாங்க உக்கார்றோம்."

"எடம்தான் கீதே மச்சான். பக்கத்துல உக்காரு."

"உன் துண்டு பக்கத்துல நான் உக்காந்துகினு இருக்கிற போட்டோ வாட்ஸ்அப்ல வந்தா, எங்க மாவட்டம் என்னை இன்னா கேப்பாரு தெரியுமா?"

"எங்க மாவட்டம் மட்டும் எனக்கு மாலை போடுவாரா?"

மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு லைனே வியட்நாமுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் கவலை எல்லாம் மாவட்டத்தைப் பற்றி!

அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் தேவராஜ் ஒரு முடிவெடுத்தார். தன் ஆட்களோடு மேஜையைச் சுற்றிப் போய், நிர்வாகத்தின் பக்கம் உட்கார்ந்தார். எச்.ஆர். மேனேஜர் சின்ன வயசுக்காரர், நல்ல வளர்ப்பு. தன் லேப்டாப் பையை நகர்த்தி இடம் கொடுத்தார்.

நீங்கள் எந்தத் தரப்பு என்று அதிகாரி கேட்டார்.

"தொழிலாளர் தரப்புதான் சார். ஆனா அங்க உக்கார மாட்டோம்."

சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவு உண்டா என்று என் பக்கம் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தேன். சங்கங்கள் ஒரே தரப்பாக ஆஜராகாததால் பேச்சுவார்த்தை தொடங்கவில்லை என்று பதிவாகி, வேறு தேதி கொடுக்கப்பட்டது.

வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் வெற்றிக் களை. அவர்களை நிர்வாகத்தோடு உட்கார வைத்து அம்பலப்படுத்திவிட்டோம் என்றது ஒரு தரப்பு. அவர்களோடு கடைசி வரை உட்காரவே இல்லையே என்றது இன்னொரு தரப்பு. லைன் என்ன ஆகும் என்று கேட்டேன். அதை அடுத்த தேதியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அடுத்த தேதிக்கு முன்பே ட்ரெய்லர்கள் வந்துவிட்டன.

இனிமேல் நடந்தது குமரேசன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பெனி வாசலில், ரோட்டுக்கு மேலே, இரண்டு கட்சிக் கொடித் தோரணங்களும் குறுக்கே கட்டப்பட்டிருந்தன. மெஷின் ஏற்றிய ட்ரெய்லர் வாசலுக்கு வந்ததும் தோரணம் இடித்தது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். கட்சிக் கொடியைக் கிழித்துவிட்டு இந்த ரோட்டில் எவன் வீடு போய்ச் சேருவது? செக்யூரிட்டி கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். எச்.ஆர். மேனேஜர் யாருக்கோ போன் மேல் போன் போட்டாராம். வண்டி நகரவில்லை.

நான் சர்வீஸ் முழுக்கத் தேடியும் கிடைக்காத தடையாணை அது.

அப்போதுதான் இரண்டு சங்கங்களும் முதன்முறையாக ஒன்று சேர்ந்தன. ஆளுக்கொரு சவுக்குக் கழி கொண்டுவந்தார்கள். இந்த முனையை மாப்பிள்ளை தூக்க, அந்த முனையை மச்சான் தூக்க, தோரணங்கள் இரண்டும் உயர்ந்தன. கீழே ட்ரெய்லர்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின.

"ஒரு கொடிகூட கிழியல சார்," என்றார் குமரேசன்.

அந்த வாரமே இரண்டாம் லைன் ஆட்கள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசுவாசம் என்பது தலைவருக்காக உயிரைக் கொடுப்பது என்றுதான் மேடையில் பேசுகிறார்கள். நடைமுறையில் உயிரெல்லாம் யாரும் கேட்பதில்லை. வேலையைக் கொடுத்தால் போதுமானது.

செல்வி இப்போது சேரப்பணஞ்சேரியில் ஒரு கேன்டீனுக்குப் போகிறார். அண்ணனோடும் பேசுவதில்லை, வீட்டுக்காரரோடும் பேசுவதில்லை. அந்த வீட்டில் இப்போது மூன்று கட்சி.

நேற்று மாலை குமரேசன் என் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வியட்நாமில் எந்தெந்தக் கட்சி இருக்கிறது என்று கேட்டார். ஒரே ஒரு கட்சிதான், அதுதான் எப்போதும் ஆட்சியில் இருக்கும் என்றேன்.

யோசித்தார்.

"அது நம்ம கூட்டணியா சார்?"