கீபோர்டுக்குள் ஒளித்து வைத்த கதவு

வண்ணார்பேட்டையைத் தாண்டிப் பாலத்தில் நடக்கும்போதும் அண்ணாச்சி செல்போனில் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். எடுக்கவில்லை. அதுவரை வேலை, சாப்பாடு, படுக்கை எல்லாம் பாளையங்கோட்டையில் அவருடைய அறையில்தான். அதற்குமுன் உவரியில் மீனுக்கு ஐஸ் உடைத்திருக்கிறேன், லாரியில் வாழைத்தார் ஏற்றியிருக்கிறேன். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது எனக்குப் புதிதில்லை.

அண்ணாச்சி பொறியியல் படித்தவர். பழைய கணினிகளில் ஓடுவதற்கென்று சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருந்தார். அதன் அடித்தளமான கர்னலை அவர் எழுதுவார். நான் அதைப் பழைய பெட்டிகளில் ஏற்றி, எங்கே சாகிறது என்று பார்த்துச் சொல்வேன்.

பழைய பெட்டியைப் போல இழிந்த சாமான் உலகத்தில் இல்லை. ஆரம்பத்தில் வந்த கணினிகளுக்கு நினைவகம் சின்னது. எல்லையைத் தாண்டி ஓர் இடத்தைக் கேட்டால், சுற்றிவந்து தொடக்கத்தில் இருப்பதையே காட்டும். அந்தக் குறையை நம்பிச் சிலர் புரோகிராம் எழுதிவிட்டார்கள். பெரிய நினைவகத்தோடு அடுத்த கணினி வந்தபோது, அவர்கள் மனம் கோணக் கூடாதென்று குறையைப் பத்திரமாகக் காப்பாற்றினார்கள். பழைய எல்லைக்கு மேலே போகும் வழியை அடைத்து ஒரு கதவு வைத்தார்கள். அதைத் திறக்கும் வேலையைக் கீபோர்டைக் கவனிக்கும் சிப்பிடம் கொடுத்தார்கள். அந்தச் சிப்பின் கம்பிக் கால்களில் ஒன்று சும்மா கிடந்ததாம். அடுக்களைக் குழாயைத் திறக்கக் கோழிக்கூண்டுக்குப் போகிற வீட்டை நான் பார்த்ததில்லை. இவர்கள் அப்படித்தான் கட்டினார்கள். பின்னால் வந்தவர்களும் வெட்கமில்லாமல் அதையே சுமந்தார்கள்.

அம்பாசமுத்திரத்தில் ஓர் அக்கா இருந்தார். மாஞ்சோலையில் தேயிலை பறித்து, எஸ்டேட்டை மூடியபோது எல்லாரோடும் மலையைவிட்டுக் கீழே இறங்கியவர். மூடிப்போன கல்லூரி ஒன்று கழித்த கணினிகளை வாங்கி, தன்னோடு இறங்கிய பெண்களுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுக்க ஓர் அறை பிடித்திருந்தார். திங்கட்கிழமை வகுப்பு தொடங்காவிட்டால் அறையைச் செல்போன் கடைக்குக் கொடுத்துவிடுவதாகக் கட்டடக்காரர் சொல்லிவிட்டார். தன் கர்னல் ஓடும் என்று அண்ணாச்சி அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

போய் ஏற்றிப் பார்த்தேன். எப்போதாவது எழும்பும். மற்ற நேரமெல்லாம் திரை கறுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தப் பெட்டிகளில் கதவு மெதுவாகத் திறக்கிறது. அண்ணாச்சியின் கர்னலோ 'திற' என்று சொன்ன கையோடு மேலே எழுதப் போய்விடும். எழுதியது சுற்றிவந்து அதன் தலையிலேயே விழும்.

திரும்பி வந்து சொன்னேன்.

"அண்ணாச்சி, கதவு திறந்துச்சான்னு பாத்துட்டுப் போகணும். திறக்கலைன்னா கொஞ்சம் காத்துக் கெடக்கணும்."

"எனக்கு ஓடுதே லே."

"நீங்க ஓட்டுதது லேப்டாப்புக்குள்ள இருக்க போலிக் கம்ப்யூட்டர்லலா. அதுல கதவ ஆரும் பூட்டவே இல்ல."

"நான் சுத்தமா எழுதியிருக்கேன். கீபோர்டுகிட்ட கைகட்டி நிக்கச் சொல்லுதியா? ஒம்பதாங்கிளாஸ்ல நின்னவன் எனக்குக் கர்னல் சொல்லித்தாரியோ?"

"எட்டாங்கிளாஸ்."

"போலே. அந்த டப்பாவையெல்லாம் பழைய இரும்புக்குப் போடச் சொல்லு."

சில வரிகள் சேர்த்தால் தீர்கிற விஷயம். உலகத்தில் கர்னல் எழுதுகிற எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை எழுதியிருக்கிறார்கள். இவருக்கு மட்டும் கை அழுக்காகிவிடும். பையை எடுத்தேன்.

பாலத்தைத் தாண்டி ஜங்ஷனில் பஸ் பிடித்து அம்பாசமுத்திரம் போய், அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப இது எழும்பாதா தம்பி? திங்கக்கெழம பொம்பளப் பிள்ளையளெல்லாம் வருதுவளே."

"இது எழும்பாதுக்கா. வேற ஒண்ணு போடலாம். யார் யாரோ எழுதி இனாமா விட்டிருக்கது. பாக்க அழகா இருக்காது. ஆனா இந்த மாதிரி கழுதைகளுக்கு எல்லாம் காத்து நிக்கும்."

"தமிழ் அடிக்குமா?"

"அடிக்கும். பைய அடிக்கும்."

"எஸ்டேட் பஸ்ஸு மலை ஏறுததவிடப் பையவா?"

"அவ்வளவு இல்ல."

"அப்ப போடு. நீ எங்கன படுப்ப?"

"பஸ் ஸ்டாண்டுல."

"இங்கன பெஞ்சு கெடக்குல்லா."

மறுநாள் காலை அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் சோறும் அந்தப் பெஞ்சும். முதல் பெட்டியில் அண்ணாச்சியின் கர்னலை அழித்துவிட்டு மற்றதை ஏற்றினேன். அது கதவு திறந்ததா என்று கேட்டது, காத்திருந்தது, மறுபடி கேட்டது. எழுத்துகள் மெல்லத் திரையில் ஏறி நின்றன. மூன்று தடவை அணைத்துப் போட்டும் நின்றன. அக்கா அடுத்த பெட்டியை மூடிக் கிடந்த துணியை எடுத்தார்.